எம்பி ஆகணும் என்று சொன்னவள்

ஓய்வுபெற்ற பிறகு என்னை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். தொகுதிப் பணிகளில் இருக்கும் பெண்களுக்கு ஒரு கூட்டம் நடக்கிறதாம், நான் வந்து அரை மணி நேரம் பேச வேண்டுமாம். என்ன தலைப்பு என்று கேட்டேன். "எலெக்ஷனுக்கு எப்படி செலக்ட் ஆகறதுன்னு பேசுங்கக்கா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வாழ்நாளில் எதற்கும் செலக்ட் ஆனவள் இல்லை. ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் உதவியாளராக இருந்தவள். செலக்ட் ஆனவர்களுக்கு மாலை வாங்கி வைத்திருக்கிறேன், ஆகாதவர்களுக்குக் காப்பி கலந்து கொடுத்திருக்கிறேன். மேடைப்பேச்சு எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் கட்சியில் ஒரு வழக்கம் உண்டு. தேர்தலில் நிற்க ஆசையாக இருக்கிறது என்று யாரும் வாய்திறந்து சொல்லக் கூடாது. எந்த விதியிலும் அப்படி இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஓர் ஆளைப் பல காலம் தூரத்திலிருந்து கவனிப்பார்கள். பிடித்திருந்தால் ஒருநாள் டீ குடிக்கக் கூப்பிடுவார்கள். அந்த டீக்கு அழைப்பு வரும்வரை ஒன்றும் தெரியாதவர் போல இருக்க வேண்டும். நம் வீடுகளில் பெண் பார்க்க வருவது மாதிரிதான், ஆசை இருந்தாலும் குனிந்த தலை நிமிரக் கூடாது. பிறகு வேட்பாளராக அறிவித்ததும் பத்திரிகைக்காரர்களிடம், "நான் எதிர்பார்க்கவே இல்லை, அழைத்தார்கள், சேவை செய்ய ஒப்புக்கொண்டேன்" என்று சொல்வார்கள். எதிர்பார்க்காத மனிதர் எதற்காக மூன்று வருடம் வாராவாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து என் ஸ்டேப்ளரைத் தொலைத்தார் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

ஆண்களுக்கு இந்த நாணம் வெறும் அலங்காரம். அவர்கள் ஆசை எல்லோருக்கும் தெரியும், யாரும் குற்றமாக நினைப்பதில்லை. ஒரு பெண்ணுக்கு ஆசை இருப்பது தெரிந்துவிட்டால் அவளைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். செல்வராணி இதெல்லாம் தெரிந்தும் முதல் நாளே வாய்திறந்து சொன்னாள். நான் எழுத உட்கார்ந்தது அவளைப் பற்றித்தான். ஒரு எம்பியைப் போய் 'அவள்' என்று எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். 'அவர்' என்று எழுதினால் கோபித்துக்கொள்ளப் போவது அவள்தான்.

முதலில் என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் கதீஜா. வாப்பா சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் துணிக்கடை வைத்திருந்தார். பள்ளி முடித்து, தட்டச்சு படித்து, ஒரு வக்கீல் அலுவலகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த வக்கீலின் நண்பர் ஒருவர் எம்பி ஆனார். அவருக்கு ஓர் உதவியாளர் தேவைப்பட்டது. ஆறு மாதம் போய் உதவி செய், பிறகு வந்துவிடலாம் என்று என்னை அனுப்பினார்கள். அந்த ஆறு மாதம் என் தலை நரைக்கும்வரை நீண்டது.

அவரை நான் பாஸ் என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். சீனர், பொறியாளர், குரலை உயர்த்தத் தெரியாதவர். எங்களுக்குள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான், நான் தமிழாக்கி எழுதுகிறேன். யார் அறைக்குள் வந்தாலும் எழுந்து நிற்பார். துப்புரவு வேலை செய்யும் அம்மா வந்தாலும் சரி, வங்கி மேலாளர் வந்தாலும் சரி, எழுந்து நின்று நாற்காலியைக் காட்டிய பிறகுதான் உட்காருவார். மேசையில் எப்போதும் பென்சில்கள் இருக்கும். ஒரு விஷயம் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் இல்லை என்று சொல்ல மாட்டார். ஒரு பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பிப்பார். முனை கூராக இருந்தாலும் சீவுவார். சீவல் குப்பைக் கூடையில் விழுந்தால் விஷயம் முடிந்தது என்று நான் புரிந்துகொண்டு கதவைத் திறப்பேன்.

வாரத்துக்கு ஒரு மாலை மக்கள் சந்திப்பு நடக்கும். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு பழைய அடுக்குமாடி புளோக்கின் கீழே எங்கள் இடம். வருகிறவர்களுக்கு எண் கொடுப்போம். எண்ணோடு ஒரு டம்ளர் மைலோவும் கொடுக்க வேண்டும் என்பது பாஸ் போட்ட சட்டம். வயிறு காய்ந்திருக்கிறவனிடம் விவரம் கேட்டால் பாதியை மறந்துவிடுவான் என்பார். பிறகு ஒரு தொண்டர் உட்கார்ந்து அவர்கள் கதையைக் கேட்டு மனு எழுதுவார். "ஏன் முன்னாடியே வரல?" என்று யாரும் கேட்கக் கூடாது. மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. 'தயவுகூர்ந்து' என்ற சொல் ஒரு முறைதான் வரலாம். இரண்டாவது முறை வந்தால் பென்சிலால் அடித்துவிடுவார். உதவி கேட்டு வந்தவரைப் பிச்சைக்காரர் ஆக்காதீர்கள் என்று அந்தத் தொண்டரிடம் மெதுவாகச் சொல்வார். பல பெரிய படிப்புப் படித்தவர்கள் அந்த ஒரு வாக்கியத்தில் முகம் சிவந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

புதிய தொண்டர்கள் வந்தால் பாஸ் ஐந்து நிமிடம் தனியாகப் பேசுவார். எதற்காக வந்தீர்கள் என்று கேட்பார். எல்லோரும் சமூகத்துக்குத் திருப்பிச் செய்ய வந்தேன் என்பார்கள். செல்வராணி வந்தது ஒரு மழை நாள். சாங்கியில் விமானச் சரக்கு முனையத்தில் ஷிப்ட் சூப்பர்வைசர். அந்தச் சீருடையோடும், இரும்பு முனை வைத்த கனமான காலணியோடும் வந்திருந்தாள். வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். பக்கத்து புளோக்கில் கணவரோடும் சின்ன மகளோடும் குடியிருந்தாள். பாஸ் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஒருநாள் எம்பி ஆகணும் சார். அதுக்கு என்னென்ன வேலை கத்துக்கணுமோ, எல்லாம் கத்துக்க வந்திருக்கேன்."

பாஸ் பென்சிலை எடுத்தார். நான் கதவருகே நின்றிருந்தேன். அவர் சீவவில்லை. கொஞ்ச நேரம் அதை விரலில் உருட்டிவிட்டு, "நாற்காலிகளை எடுத்துப் போடுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்" என்றார். "எத்தன நாற்காலி சார்?" என்று கேட்டாள் அவள்.

விஷயம் ஒரே வாரத்தில் பரவிவிட்டது. மகளிர் குழுவில் இருந்த பெண்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆண்கள் அவளுக்கு 'மேடம் மினிஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். "மேடம் மினிஸ்டர், பிரியாணி வந்துருச்சா லா?" என்று கேட்பார்கள். அவளும், "வந்துருச்சு, உங்களுக்கு மட்டும் தனி ஃபைல் போட்டு வெச்சிருக்கேன்" என்று பொட்டலத்தை நீட்டுவாள். ஒருநாள் நான் பொறுக்க முடியாமல், அப்படிச் சொல்லித்தான் ஆக வேண்டுமா, மனசுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "மனசுக்குள்ள வெச்சா யாருக்குக்கா தெரியும்? அப்புறம் எனக்கே மறந்துரும்" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து நான் அவள் பக்கம்தான்.

நான்கு ஆண்டுகளில் வசிப்போர் குழுவின் தலைவியாகிவிட்டாள். எங்கள் பகுதியில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். குப்பைத் தொட்டி, தாழ்வார விளக்கு, மேல்மாடியில் துணி சொட்டுவது, கீழ்வீட்டில் கரோக்கே பாடுவது என்று எந்தப் புகார் வந்தாலும் ஆட்கள் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். அவள் திறமை எல்லோருக்கும் தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமையில்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் புளோக்குகளில் கீழ்த்தளத்தில் வீடு கிடையாது, தூண்களுக்கு நடுவே திறந்த இடம் இருக்கும். வாய்ட் டெக் என்போம். மலாய்க் கல்யாணமும் அங்கேதான், சீனர் வீட்டுச் சாவும் அங்கேதான். முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். அன்று அனுமதி கொடுக்கும் கவுன்ட்டரில் இருந்தவர் ஒரே புளோக்கின் இரண்டு முனைகளையும் இரண்டு இடங்களாக நினைத்துவிட்டார். ஒரு முனையில் சனி, ஞாயிறு மலாய்க் கல்யாணம். மறு முனையில், வியாழன் இறந்துபோன ஒரு சீன அம்மாவுக்கு ஞாயிறுவரை சடங்கு. வழக்கமாகச் சாவு வீட்டாரைப் பக்கத்து புளோக்குக்கு அனுப்புவார்கள். அங்கே மின்தூக்கி வேலைக்காகத் தகரம் அடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கல்யாணப் பந்தல் லாரி வந்து நின்றபோது அங்கே சவப்பெட்டியும் ஊதுவத்திப் புகையும் இருந்தன.

பாஸ் அன்று கோலாலம்பூரில் இருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு குடும்பமும் தனித்தனியாகக் கூடி நின்று ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். நகர மன்றத்திலிருந்து வந்த இளம் அதிகாரி, சாவு வீட்டாரை இரண்டு தெரு தள்ளி மாற்றிவிடலாம், கல்யாணத்துக்குத்தான் முதலில் அனுமதி கொடுத்தது என்றார். அதைச் சாவு வீட்டாரிடம் சொல்கிற தைரியம் மட்டும் அவருக்கு இல்லை. செல்வராணி இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்தாள்.

"பன்னெண்டு மணி வரைக்கும் எதையும் கேன்சல் பண்ணாதீங்க" என்று அந்த அதிகாரியிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வெள்ளிக்கிழமைக்கா. ஆம்பளைங்க தொழுகைக்குக் கெளம்பிருவாங்க. அதுக்குள்ள பேசி முடிக்கணும்."

"யாரு முதல்ல புக் பண்ணாங்களோ அவங்களுக்குத்தானே செல்வி?" என்று கேட்டேன்.

"கார்கோல ரெண்டு லோடு ஒரே எடத்துல வந்து நின்னா, யாரு முதல்ல வந்தான்னு நாங்க கேக்க மாட்டோம்கா. எது நகர முடியாதுன்னு கேப்போம்."

அதையேதான் கேட்டாள். முதலில் இறந்த அம்மாவின் மூத்த மகனிடம் போனாள். துக்கம் விசாரித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, எதெல்லாம் மாற்றவே முடியாது என்று கேட்டாள். பெட்டியை ஒருமுறை வைத்த பிறகு ஞாயிறு எடுக்கும்வரை நகர்த்தக் கூடாது என்றார் அவர். மந்திரம் ஓதுகிற நேரம்? அதை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். சாப்பாடு? அவர் யோசித்தார். வருகிறவர்களுக்குப் பன்றி இறைச்சி பரிமாறுவார்கள், மறுபக்கம் கல்யாணச் சமையல் நடக்கும். செல்வராணி ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அவராகவே, "அம்மா மாசத்துல ரெண்டு நாள் சைவம்தான் சாப்பிடுவாங்க. இந்த ரெண்டு நாளும் சைவமா இருந்தா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க" என்றார்.

பிறகு மணப்பெண் வீட்டாரிடம் போனாள். போகும்போது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மணப்பெண்ணின் அம்மாவுக்குச் சமையலைப் பற்றித்தான் பெரிய கவலை. ஒரு முஸ்லிம் பெண் பக்கத்தில் நின்று, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் அந்தக் கவலையில் பாதி இறங்கும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். நானும் சொன்னேன். அடுப்புகளைக் கார் நிறுத்துமிடத்துப் பக்கம் போட ஒப்புக்கொண்டார்கள். மணப்பெண்ணின் அப்பா, பேருந்து ஓட்டுநர், நல்ல மனிதர், சரி என்று தலையாட்டிவிட்டார். அவருடைய தம்பிதான் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் மாதக்கணக்கில் முன்னாடி எழுதிக் கொடுத்தோம், அவர்கள் நேற்று வந்தவர்கள், எங்கள் வீட்டு நல்ல காரியத்தில் சவப்பெட்டியைத் தாண்டி விருந்தாளிகள் வர வேண்டுமா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. கூட்டமும் அவர் பக்கம் சாய்ந்தது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் நல்லிணக்கத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றியிருப்பார்கள். செல்வராணி, "நீங்க சொல்றது சரி" என்றாள் மலாயில். "பர்மிட்படி எடம் உங்களோடது. வேணாம்னு நீங்க சொன்னா அவங்களப் போகச் சொல்றேன். நீங்க வந்து சொல்ல வேண்டாம், உங்க பேரும் வராது. நானே போய் என் வாயால சொல்றேன். சொல்லட்டுமா?"

அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்போது மருதாணிக் கையோடு மணப்பெண்ணே மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "லிஃப்ட்ல எனக்குக் கை எட்டாத வயசுல அந்த அம்மாதான் எனக்குப் பட்டன் அமுக்கி விடுவாங்க. அவங்க இங்கயே இருக்கட்டும்" என்றாள். சித்தப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை மாப்பிள்ளை ஊர்வலம் கொம்பாங் மேளத்தோடு வந்தது. வளைவுக்கு வந்ததும் மேளம் நின்றது. அத்தனை பேரும் ஓசையில்லாமல் நடந்து பெட்டி இருந்த முனையைக் கடந்தார்கள். கடந்த பிறகு மறுபடி மேளம் எழுந்தது. அந்த மகன் வெள்ளைச் சட்டையோடு எழுந்து நின்று அவர்களைப் பார்த்துத் தலைகுனிந்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரத்தில் எங்கள் விளம்பரப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் கேமராவோடு வந்து, இரண்டு குடும்பமும் கைகுலுக்குவது மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார். "அவங்களுக்குக் கல்யாணம், இவங்களுக்குச் சாவு. போஸ் குடுக்க யாருக்கும் நேரமில்ல" என்று செல்வராணி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அவர் அதை மறக்கவில்லை. ஒத்துழைக்காத பெண் என்று மேலிடத்தில் போய்ச் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

பாஸ் திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டார். "இந்தப் பெண் இங்கே இருக்கும்வரை நான் நிம்மதியாகத் தூங்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு பெரிய பாராட்டை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அந்தப் பாராட்டே அவளுக்குப் பூட்டாக மாறும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

தேர்தல் வந்தது. அவளுக்குப் பிறகு தொண்டராக வந்த ஓர் இளைஞர், வக்கீல், மனுவில் 'தயவுகூர்ந்து' நான்கு தடவை எழுதுகிறவர், டீக்கு அழைக்கப்பட்டார். வேறொரு தொகுதியில் நின்று ஜெயித்தும் விட்டார். அவர் கூட்டத்துக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தது செல்வராணி. உன்னை ஏன் கூப்பிடவில்லை என்று யாராவது கேட்டால், "என்ன விட்டா இங்க யாரு இருக்கா?" என்று சிரிப்பாள். வெளியே சிரிப்பாள். ஒருநாள் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது, "அக்கா, நல்லா வேலை செஞ்சா மேல போகலாம்னு நெனச்சேன். நல்லா வேலை செய்யறவள கீழயே வெச்சுக்கத்தான் பாக்கறாங்க" என்றாள். நான் என்ன சொல்வது? உண்மை அதுதான். பெண்கள் குறைவாக இருப்பது ஏன் என்று பெரியவர்கள் மேடையில் கவலைப்படும்போதெல்லாம் எனக்கு அந்த மீன்கடைதான் ஞாபகம் வரும்.

அடுத்த தேர்தல் நெருங்கியபோது அவளுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. நாற்பத்தைந்துக்கு மேல் புதுமுகங்களை எடுக்க மாட்டார்கள் என்று எங்களுக்குள் பேச்சு. ஆகவே இதுதான் கடைசி வாய்ப்பு. பாஸும் அந்த முறையோடு ஓய்வுபெறுவதாக இருந்தார். ஒவ்வொரு எம்பியும் நம்பிக்கையானவர்களின் பெயர்களை மேலே சொல்ல வேண்டும். யார் பெயரைச் சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு பெயர் சொன்னார். இரண்டும் ஆண்கள். செல்வராணி என்றேன். "எனக்குப் பிறகு வருகிறவருக்கு இந்த இடம் புதிது. அவளும் போய்விட்டால் இங்கே எல்லாம் சரிந்துவிடும்" என்றார். பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

அன்று மாலையே அவளிடம் சொன்னேன். ரகசியத்தைக் காப்பதுதான் என் வேலை, ஆனாலும் சொன்னேன், அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. அவள் அழவில்லை. மறுநாள் பாஸைப் பார்க்க நேரம் கேட்டாள். அவள் உள்ளே போனதும் பாஸ் வழக்கம்போல் எழுந்து நின்றார். அவள் உட்காரவில்லை. ஆகவே அவரும் நின்றுகொண்டே இருந்தார்.

"சார், என் பேர சொல்லப் போறதில்லன்னு தெரியும். நான் போயிட்டா இங்க யாரு பாத்துப்பாங்கன்னு யோசிக்கறீங்க. சரியா?"

"சரி" என்றார் பாஸ்.

"போன ஆறு மாசம் இங்க எப்படி இருந்துச்சு சார்?"

"நன்றாக இருந்தது. கொசு ஒழிப்பு நன்றாக நடந்தது. அந்த முதியவர் வீடு முழுக்கக் குப்பை சேர்த்து வைத்திருந்தாரே, அதைக் காலி செய்ய வைத்தது பெரிய காரியம். தீபாவளி விருந்து."

"கொசு வேலை ரோஸ்னா பண்ணது. அந்த வீட்டுக்கு ஏழு தடவ போய்ப் பேசினது மெய் லிங். தீபாவளி விருந்து புஷ்பா. ஆறு மாசமா நான் இங்க ஒண்ணுமே பண்ணல சார். மீட்டிங்குக்கு வந்து சும்மா உக்காந்திருந்தேன். யாராவது கண்டுபிடிக்கறாங்களான்னு பாத்தேன். நீங்களே கண்டுபிடிக்கல."

கதவருகே நின்றிருந்த எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆறு மாதமாகப் புகார்களோடு என்னைக் கூப்பிட்டது அந்த மூன்று பெண்கள்தான். அவள் குரலைத் தொலைபேசியில் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். தான் இல்லாமலே நடக்கும்படி தன் வேலையை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி மூச்சுவிடாமல் காத்திருந்திருக்கிறாள். பாஸ் கையில் இருந்த பென்சிலை மேசையில் வைத்தார். "உட்காருங்கள்" என்றார். "உங்களைப் பற்றி அவர்கள் என்னிடம் கேட்கப் போகும் கேள்விகளை இப்போதே பார்த்துவிடலாம்."

டீக்கு அழைப்பு வந்தது. உள்ளே நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். நாலு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். மகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார்களாம். "அவங்க அப்பா. இத்தன நாள் நைட் ஷிப்டுக்குப் போனப்ப யாரு பாத்தாங்களோ, அவரேதான்" என்றாளாம். கடைசியில் ஒரு பெரியவர், உங்களுக்குப் பதவி ஆசை அதிகம் என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்டாராம்.

"ஆமா சார், ஆசைதான். வேலை தெரியாம ஆசைப்பட்டா தப்பு. நான் நாற்காலி போடறதுல இருந்து கத்துக்கிட்டேன். இனிமே ஆசைப்படலன்னு சொன்னா அது பொய்."

அவளை எங்கள் பக்கம் நிறுத்தவில்லை. தெம்பனிஸ் பக்கம், பல வேட்பாளர்கள் ஒரே அணியாக நிற்கும் ஒரு குழுத்தொகுதியில் போட்டார்கள். செய்தி வந்த அன்று எங்கள் புளோக்குகளில் பலருக்கு முகம் தொங்கிவிட்டது. இத்தனை வருடம் எங்களுக்கு உழைத்தவளுக்கு எங்கள் ஓட்டு போகாதா என்று புலம்பினார்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவள்தான் தெளிவாக இருந்தாள். "இங்க நின்னு ஜெயிச்சா, தெரிஞ்சவங்க ஓட்டுப் போட்டாங்கன்னு சொல்வாங்கக்கா. அங்க என்ன யாருக்கும் தெரியாது. அதான் சரி."

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு தெம்பனிஸில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். மேல்மாடியில் ஆரம்பித்துக் கீழே வருவது எங்கள் முறை. ஒரு மாடி முன்னால் போய் நான் கதவைத் தட்டி வைப்பேன், பின்னால் அவள் வருவாள். ஒரு வீட்டில் ஒருவர் கம்பிக் கதவைத் திறக்காமலே, "உங்க பேரே நான் கேள்விப்பட்டதில்ல" என்றார். "இப்பக் கேட்டுட்டீங்கல்ல, அடுத்த தடவ திட்டறதுக்கு வசதியா இருக்கும்" என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டுக் கம்பிக் கதவைத் திறந்தார். என் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. முடிவு அறிவித்தபோது நான் அந்தக் கால்களோடுதான் குதித்தேன்.

சில மாதங்கள் கழித்து அவள் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கப் போகிறாள் என்று தெரிந்து, பார்வையாளர் மாடத்துக்குப் போனேன். நான் அப்போது ஓய்வுபெற்றிருந்தேன். பாஸும் வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தோம். அங்கே கைதட்டக் கூடாது, பேசக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். அவள் வாய்ட் டெக்கைப் பற்றியோ மின்தூக்கியைப் பற்றியோ பேசவில்லை. இரவு ஷிப்டில் வேலை பார்க்கும் பெற்றோர் பிள்ளைகளை விட்டுப் போக நாடு முழுவதும் பராமரிப்பு நிலையங்கள் வேண்டும் என்று கேட்டாள். விமான நிலையம், மருத்துவமனை, பேருந்து நிலையம், எல்லா இடத்துத் தாய்மார்களுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வி.

அமைச்சர் எழுந்தார். உறுப்பினரின் அக்கறைக்கு நன்றி, அமைச்சு இதைக் கவனத்தில் கொள்ளும் என்றார். மரியாதையான பதில். புதியவர்கள் அதோடு நன்றி சொல்லி அமர்ந்துவிடுவார்கள். செல்வராணி மறுபடி எழுந்தாள். எந்தப் பகுதியில் முதலில் ஆரம்பிப்பீர்கள், எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டாள். ஆய்வு நடக்கிறது என்றார் அமைச்சர். அவள் மூன்றாவது முறை எழுந்தாள். சபையில் சில தலைகள் திரும்பின.

"இன்னும் கொஞ்சம் பொறுமையாக இருக்கலாம்" என்று பாஸ் என் காதில் முணுமுணுத்தார். அவர் குரலில் பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

"எப்போது என்று கேட்டேன்" என்றாள் கீழே செல்வராணி, நிதானமாக, ஆங்கிலத்தில். "அதற்கு இன்னும் பதில் வரவில்லை."

யாரோ என் தோளைத் தொட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி. "மேடம், ப்ளீஸ் உக்காருங்க" என்றார். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பாஸைப் பார்த்தேன். அவரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார். நாங்கள் இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். செல்வராணி பதில் வரும்வரை உட்காரவில்லை.